இலங்கை திவாலானபோது நாளிதழ்கள் யாரைக் காட்டின?

வைகைக்கரை (மதுரை):

2022ல் இலங்கை ஏன் திவாலானது என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். சீனாவிடம் வாங்கிய கடன். ரசாயன உரத்துக்குப் போட்ட தடை. இலவசங்கள். மூன்றும் நாளிதழ் வழியாக வந்த பதில்கள்தான். முதல் இரண்டிலும் உண்மை உண்டு, மூன்றாவதில் மிகக் குறைவு. 2019 டிசம்பரில் நடந்த வரிக்குறைப்பைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை, அது நம் நாளிதழ்களில் பெரிய எழுத்தில் வரவே இல்லை.

அந்த மாதம் வாட் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. முன்பு ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் வியாபாரம் செய்பவர் பதிவு செய்தாக வேண்டும். அந்த வரம்பை 30 கோடியாக உயர்த்தினார்கள். ஜிடிபியில் 12 சதவீதத்தை ஒட்டியிருந்த வரி வருமானம் அடுத்த ஆண்டே 8 சதவீதத்துக்கு வந்துவிட்டது. நாடுகளின் கடன் தகுதியை அளக்கும் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் 2020ல் இலங்கையைக் கீழே இறக்கின. அதன் பிறகு சர்வதேசச் சந்தையில் புதுக்கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்கும் வழி அடைபட்டது. கொரோனாவால் சுற்றுலா வருமானமும் நின்றது. கையில் இருந்த டாலர் தீர்ந்துகொண்டே வந்து, 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

என் வாதம் இதுதான்: ஒவ்வொரு நாட்டு நாளிதழும் தன் நாட்டு அரசியல் சண்டைக்குப் பயன்படுகிற காரணத்தை எடுத்துப் பெரிதாக்கியது. மேற்கு நாட்டுப் பத்திரிகைகளுக்குச் சீனா தேவைப்பட்டது. இந்தியாவில் இலவசங்கள் தேவைப்பட்டன. 2022 ஜூலை 16 அன்று பிரதமர் மோடி இலவசங்களை ‘ரேவடி’ (வட இந்திய எள் மிட்டாய்) கலாசாரம் என்று கண்டித்துப் பேசினார். ஜூலை 19 அன்று இலங்கை நிலவரத்துக்காக டெல்லியில் கூட்டிய அனைத்துக்கட்சிக் கூட்டத்தில் நம் மாநிலங்களின் கடன் கணக்கும் காட்டப்பட்டது. மாநிலக் கட்சிகள் பல அங்கேயே எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த வாரம் வந்த தலையங்கங்களைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், ‘இலங்கை போல் ஆகிவிடுவோம்’ என்ற வரி எத்தனை இடங்களில் வந்தது என்று. வசதி உள்ளவர்களின் வரியைக் குறைத்து வருமானத்தை இழந்த நாடு, ஏழைக்குக் கொடுத்துக் கெட்ட நாடாக இங்கே எழுதப்பட்டது. எனக்கு இது சாதாரணப் பிழையாகத் தெரியவில்லை.

மற்றவர்கள், குறிப்பாக இலங்கையில் இருந்து எழுதுபவர்கள், உங்கள் பத்திரிகைகள் எப்படி எழுதின என்று சொல்லுங்கள்.

கொள்ளுப்பிட்டி (கொழும்பு):

அண்ணா, நான் அந்த நேரத்தில் கொழும்பில் ஒரு பத்திரிகையில் பக்க வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்தேன், பெயர் வேண்டாம். வரிக்குறைப்பு பற்றி எங்கள் பத்திரிகைகளில் ஒன்றுமே வரவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வந்தது, உள்ளே வணிகப் பக்கத்தில் வந்தது. பொருளாதார நிபுணர்கள் 2020 முதலே எழுதினார்கள், சர்வதேச நாணய நிதியத்திடம் போகச் சொன்னார்கள். முதல் பக்கத்துக்கு அது ஏறாததற்கு ஒரு நேரடிக் காரணம், வரி குறைந்ததில் கொழும்பு வாசகர் சந்தோஷப்பட்டார், விளம்பரம் தரும் கம்பனிகளும் சந்தோஷப்பட்டன. இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்கும்போது ‘இது ஆபத்து’ என்று தலைப்புப் போட எந்த ஆசிரியரும் அவசரப்பட மாட்டார்.

இன்னொன்று. 2022 ஜனவரி 18 அன்று 500 மில்லியன் டொலர் பிணைமுறி (கடன் பத்திரம்) ஒன்று முதிர்ந்தது, அரசு அதை முழுதாகக் கட்டியது. அந்த நாட்களில் பால்மா தேடி மக்கள் கடை கடையாக அலைந்துகொண்டிருந்தார்கள், மருந்து இறக்குமதிக்கே டொலர் தேடவேண்டி இருந்தது. ‘கட்டுவதா, மக்களுக்கு வைத்துக்கொள்வதா’ என்று பொருளியலாளர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். ஆனால் பெரும்பாலான செய்திகள் மத்திய வங்கியின் அறிக்கையை வைத்தே எழுதப்பட்டன: இலங்கை ஒருபோதும் கடன் தவறியதில்லை, இப்போதும் தவறவில்லை. பணம் யார் கைக்குப் போனது, அந்தப் பிணைமுறியை வைத்திருந்தவர்கள் யார், அதை எந்த விலைக்கு வாங்கியிருந்தார்கள் என்று தேடிப் போனவர்கள் மிகக் குறைவு. முகம் தெரியாத முதலீட்டாளரைப் படம் எடுக்க முடியாது. பெற்றோல் வரிசையை எடுக்கலாம்.

அதற்காக வரிசைப் படங்களைக் குறைத்துப் பேச மாட்டேன். மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற முதியவர்கள் விழுந்து இறந்தார்கள். அந்தச் செய்திகள் வந்திருக்காவிட்டால் அரசு இன்னும் பல மாதம் ‘எல்லாம் கட்டுப்பாட்டில்’ என்றே சொல்லியிருக்கும்.

அச்சுத்தாளும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2022 மார்ச் கடைசியில் ‘தி ஐலண்ட்’ சனிக்கிழமைப் பதிப்பை அச்சிட முடியாமல் நிறுத்தியது. மற்றவர்கள் பக்கங்களைக் குறைத்தார்கள். பக்கம் குறையும்போது முதலில் போவது நீண்ட விளக்கக் கட்டுரை. நெருக்கடியை விளக்கவேண்டிய இடத்தையே நெருக்கடி எடுத்துக்கொண்டது.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்):

எனக்கு இன்னொரு மனக்குறை. ‘வரலாறு காணாத தட்டுப்பாடு’ என்று 2022 முழுக்க எழுதினார்கள். யாருடைய வரலாறு?

1990களில் வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோல், மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, உரம் எல்லாம் ஒன்றில் முற்றாகத் தடை, இல்லாவிட்டால் அளந்து அளந்து வரும். மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சாகின, கோடு போட்ட தாளில் செய்தி வாசித்திருக்கிறோம். கொழும்புப் பத்திரிகைகளில் அப்போது அது பொருளாதாரச் செய்தியாக இருக்கவில்லை. பாதுகாப்புச் செய்தி, அதுவும் ஓரத்தில்.

2022இல் தெற்கில் ஒரு மாதம் எரிவாயு இல்லாமல் போனதும் உலகப் பத்திரிகைகள் விமானம் ஏறி வந்தன. வந்தது நல்லது. அந்த மக்கள் பட்ட கஷ்டம் உண்மை, எங்களுக்கு அதைப் பார்த்து மகிழ்ச்சி இல்லை. ஆனால் நாட்டின் கடன் எங்கே தொடங்கியது என்று எழுதியவர்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த போரின் செலவையும், போர் முடிந்த பிறகும் குறையாத பாதுகாப்புச் செலவையும் ஒரு வரியில் தாண்டிப் போனார்கள். 2009க்குப் பிறகும் வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்குத்தான் பெரிய பங்குகளில் ஒன்று. அதைக் கேட்டால் தேசத்துரோகம் என்ற பயம் ஆசிரியர்களுக்கு இருந்தது என்று நினைக்கிறேன்.

கொள்ளுப்பிட்டி (கொழும்பு):

பனங்கூடல் அண்ணை, அந்தப் பயம் இருந்தது. மறுக்கவில்லை. 2022 ஏப்ரலில் கொழும்பு காலிமுகத்திடலில் போராடிய இளைஞர்கள் பாதுகாப்புச் செலவைப் பற்றிப் பேசிய பிறகுதான் சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளில் அது கொஞ்சம் கூடுதலாக வந்தது.

தேயிலைத்தூறு (ஹட்டன்):

எல்லோரும் பெற்றோல் வரிசையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் தோட்டத்தில் வாகனம் வைத்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணலாம். எங்களுக்கு நெருக்கடி என்றால் கோதுமை மா. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) காலையும் ரொட்டி, மலைக்குக் கொண்டுபோவதும் ரொட்டி. மா விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியபோது நாட்சம்பளம் 2021இல் நிர்ணயித்த அதே 1,000 ரூபாயில் நின்றது, அதுவும் தோட்ட நிர்வாகம் கேட்கிற கிலோ கொழுந்து பறித்தால்தான். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது, உணவுப் பணவீக்கம் 95 வீதத்தை ஒட்டியது. அந்தச் சராசரியில் எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று எந்தப் பத்திரிகை கேட்டது?

தேயிலை பற்றிச் செய்தி வந்தது. ஏற்றுமதி குறைந்தது, டொலர் வருமானம் குறைந்தது, உரத்தடையால் விளைச்சல் போனது என்று நிறைய வந்தது. கொழுந்து குறைந்தால் நாட்சம்பளம் பாதியாகும் என்பது அதே செய்தியின் அடுத்த வரியாக வந்திருக்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளின் மலையகப் பக்கத்தில் வந்தது, அதை மலையகத்தார்தான் வாசிக்கிறோம். ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் இளைஞர்கள் குதித்த படம் உலகம் முழுக்கப் போனது. தோட்டத்தில் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்த தாயின் படம் எத்தனை முதல் பக்கத்தில் வந்தது?

ரூர்க்கரை (ஜெர்மனி):

வைகைக்கரை சொன்ன ‘உள்நாட்டுச் சண்டை’ என்பதை நான் இங்கே கண்ணால் பார்த்தேன், கிரேக்க நெருக்கடியில். 2010 பிப்ரவரியில் ‘ஃபோகஸ்’ வார இதழ் வீனஸ் சிலை நடுவிரல் காட்டுவது போல அட்டை போட்டு, யூரோ குடும்பத்தில் மோசடிக்காரர்கள் என்று எழுதியது. அதே ஆண்டு ‘பில்ட்’ நாளிதழ், திவாலான கிரேக்கர்களே உங்கள் தீவுகளை விற்றுவிடுங்கள், அக்ரோபோலிஸையும் சேர்த்து விற்றுவிடுங்கள் என்று தலைப்புப் போட்டது. 2015 பிப்ரவரியில் கிரேக்கத்துக்கு இனி பணம் இல்லை என்று பெரிய எழுத்தில் ‘நைன்’ (முடியாது) என்று அச்சிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி அனுப்பச் சொன்னது. இங்குள்ள பத்திரிகையாளர் சங்கமே அதைக் கண்டித்தது.

நான் வேலை செய்த இடத்தில் கிரேக்கர்கள் சிலர் இருந்தார்கள். மதிய இடைவேளையில் அவர்கள் தனியாகப் போய் உட்காரத் தொடங்கியதைப் பார்த்தேன். தலைப்பு பக்கத்திலேயே நின்றுவிடுவதில்லை.

அந்தத் தலைப்புகளில் இல்லாதது என்ன? 2010 மே மாதம் 110 பில்லியன் யூரோ உதவி அறிவித்தார்கள். அந்த நேரத்தில் கிரேக்கத்துக்குப் பெருமளவு கடன் கொடுத்திருந்தவை பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள். 2016ல் பெர்லினில் உள்ள ஈஎஸ்எம்டி என்ற வணிகக் கல்லூரி முதல் இரண்டு உதவித் தொகுப்புகளையும் கணக்குப் பார்த்து, ஏறக்குறைய 216 பில்லியனில் 5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கிரேக்க அரசின் வரவுசெலவுக்குப் போனது என்றது. மீதியில் பெரும்பகுதி பழைய கடனுக்கும் வட்டிக்கும் வங்கிகளுக்கு மூலதனம் போடவும் போனது. ‘நம் வரிப்பணம் சோம்பேறிகளுக்குப் போகிறது’ என்று ஆறு ஆண்டு படித்தவர்களிடம் இந்தக் கணக்கு ஒரு நாள் செய்தியாக வந்து போய்விட்டது. கிரேக்கத் தொழிலாளி ஆண்டில் வேலை செய்யும் மணிநேரம் ஜெர்மானியரைவிட அதிகம் என்பதையும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் புள்ளிவிவரம் வருடா வருடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

கிரேக்க அரசு பற்றாக்குறைக் கணக்கை மறைத்தது உண்மை. வரி ஏய்ப்பு உண்மை. அதையெல்லாம் பத்திரிகைகள் எழுதியது சரி. கடன் வாங்கியவனுக்கு ஒரு முகமும் குணமும் கொடுத்தவர்கள், கொடுத்தவனுக்கு இரண்டும் கொடுக்கவில்லை, அங்கேதான் என் கோபம்.

திருச்சிராப்பள்ளி_பொருளியல்:

இழை நன்றாகப் போகிறது. வைகைக்கரை சாரிடம் இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன்.

சீனா கதை முழுக்க மேற்கின் கற்பனை இல்லை. 2021ல் இலங்கை அரசு வெளியிட்ட கணக்கில் வெளிநாட்டுக் கடனில் சந்தைப் பிணைமுறிகள் 47 சதவீதம், ஆசிய வளர்ச்சி வங்கி 13, சீனா 10, ஜப்பான் 10, உலக வங்கி 9, இந்தியா 2. ஆனால் துறைமுகம், மின்சாரம் போன்ற அரசு நிறுவனங்கள் வாங்கிய சீனக் கடனையும் சேர்த்தால் சீனாவின் பங்கு ஏறக்குறைய 20க்குப் போகும். 10 என்று மட்டும் எழுதி ‘சீனப் பொறி பொய்’ என்று முடித்த கட்டுரைகளும் பாதிக் கணக்குதான். சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகத்திலும் அப்படியே. 2017ல் 99 ஆண்டு குத்தகைக்குக் கிடைத்த 112 கோடி டாலர் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை, அந்தக் கடன் அரசின் தலையிலேயே இருந்தது. குத்தகைப் பணம் டாலர் கையிருப்பைக் கூட்டப் பயன்பட்டது. ‘கடனைக் கட்ட முடியாமல் துறைமுகத்தைப் பறிகொடுத்தார்கள்’ என்ற ஒற்றை வரி உலகம் பூராவும் ஓடியது, நடந்தது அப்படி இல்லை. ஆனாலும் ஒரு நாட்டு வங்கியிடம் ஒளிவுமறைவான நிபந்தனைகளோடு கடன் வாங்கியது தவறான கொள்கை. இதை எழுதும்போது மேற்கின் பக்கம் சாய்கிறோம் என்று அஞ்சவேண்டியதில்லை.

உரத்தடையை நீங்கள் கொஞ்சம் குறைத்துவிட்டீர்கள். 2021ல் ஒரே அறிவிப்பில் நாடு முழுக்கத் தடை, நவம்பரில் பின்வாங்கல். இடையில் நெல் விளைச்சல் சரிந்து, அரிசிக்குத் தன்னிறைவாக இருந்த நாடு அரிசி இறக்குமதிக்கு டாலர் தேடியது. அது வெறும் பக்கக் கதை இல்லை.

பிறகு, நாட்டின் கடனை வீட்டுக் கடன் போலவே காட்டும் ‘குடும்ப பட்ஜெட்’ விளக்கம், எல்லா நாளிதழ்களும் கையில் எடுப்பது. 1991ல் டாலர் தட்டுப்பாட்டில் இந்தியா 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கிக்கு அடகாக அனுப்பிய செய்தியை ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ வெளிக்கொண்டுவந்தது. அது பெரிய இதழியல் வேலை, அரசு ரகசியமாக வைத்திருந்ததை மக்களுக்குச் சொன்னது. ஆனால் அடுத்து நாடெங்கும் நடந்த பேச்சு முழுக்க வீட்டுத் தங்கத்தை அடகு வைத்த அவமானம் பற்றியது. நம் வீடுகளில் நகை அடகு போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும், அதனால் அந்தப் படம் மனதில் ஒட்டிக்கொண்டது. வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியதும், அங்கிருந்து வரும் பணம் நின்றதும், என்ஆர்ஐ டெபாசிட்டுகள் வெளியேறியதும், குறுகிய காலக் கடன் குவிந்திருந்ததும் அந்த அவமானப் பேச்சுக்குப் பின்னால் போயின. அவமானப்பட்டவனிடம் ‘எந்த நிபந்தனையும் சரி’ என்று கையெழுத்து வாங்குவது சுலபம். நிபந்தனை நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கே நாளிதழில் இடம் சுருங்கியது.

வைகைக்கரை (மதுரை):

உரத்தடை பற்றி நீங்கள் சொல்வது நியாயம். நான் அதைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை, காரணங்களின் வரிசையில் அதன் இடத்தைக் கேட்கிறேன். வரிக்குறைப்பு, தரமிறக்கம், சந்தைக் கடன் நின்றது, டாலரை மிச்சம் பிடிக்க உர இறக்குமதியை நிறுத்தினார்கள் என்ற வாதம், அதன் பிறகு விளைச்சல் சரிவு. இயற்கை விவசாயம் பற்றிய ஒரு தலைவரின் கிறுக்கு என்று மட்டும் எழுதினால் முன்னால் உள்ள மூன்று படிகளும் காணாமல் போகின்றன. ‘இயற்கை விவசாயம் செய்தால் இலங்கை கதிதான்’ என்று இங்கே உழவர் கூட்டங்களில் பேசுகிறார்கள், அதையும் நாளிதழ்கள் அப்படியே போடுகின்றன.

நம் பக்கம் இன்னொன்றும் நடந்தது. 2022 மார்ச் 22 அன்று தனுஷ்கோடி பக்கம் 16 பேர் படகில் வந்து இறங்கினார்கள். அதிலிருந்து தமிழ்நாட்டு நாளிதழ்களுக்கு இலங்கை நெருக்கடி என்றால் ராமேஸ்வரம் கடற்கரைதான். பிறகு மே மாதம் சென்னையிலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்து ஏற்றிய கப்பல். இரண்டையும் எழுத வேண்டியதுதான், எழுதியவர்கள் அக்கறையோடுதான் எழுதினார்கள். ஆனால் அகதி, உதவி இரண்டு மட்டுமே இருந்தால் அந்த நாட்டில் ஓர் அரசியல் நடக்கிறது, அங்குள்ளவர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்பது வாசகனுக்கு எட்டாது. ஜூலையில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடியது இங்கே பலருக்குத் திடீர் நிகழ்ச்சியாக இருந்தது.

புதிய_வாசகன் (கோவை):

கல்லூரி முதலாம் ஆண்டு, இதழியல். அப்போது எந்தச் செய்தியைத்தான் நம்புவது? தேர்வுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

கொள்ளுப்பிட்டி (கொழும்பு):

தம்பி, நம்புவதா வேண்டாமா என்று முழுப் பத்திரிகைக்கும் ஒரே தீர்ப்பு எழுதாதீர்கள். நான் பார்ப்பது இரண்டு. செய்தியில் பேசுபவர்கள் யார்? அமைச்சர், மத்திய வங்கி, தரகு நிறுவன ஆய்வாளர் மட்டும் என்றால் சம்பளக்காரரும் தொழிற்சங்கமும் எங்கே என்று தேடுங்கள். அடுத்தது, பத்திரிகை யாருடையது. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் 1973 முதல் அரசின் கையில், அதன் ‘டெய்லி நியூஸ்’, ‘தினமின’, ‘தினகரன்’ ஆட்சி மாறினால் தாங்களும் மாறும். தனியார் பத்திரிகைகளுக்கும் குடும்பங்கள் உண்டு, அந்தக் குடும்பங்களுக்கு அரசியல் உறவுகள் உண்டு. அதற்காக அங்கே வேலை செய்யும் நிருபர்கள் எல்லாம் விலைபோனவர்கள் இல்லை. எங்கள் மேசையில் சம்பளம் தாமதமாகி, பஸ் இல்லாமல் நடந்து வந்து செய்தி எழுதிய பெடியன்கள் இருந்தார்கள்.

இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத ஒன்றுக்கு வருகிறேன். வரிசைகள் மறைந்ததும் நெருக்கடி முதல் பக்கத்தை விட்டுப் போனது. ஆனால் பில் யார் தலையில் என்று முடிவானது அதன் பிறகுதான். 2023 மார்ச்சில் நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அறிவித்தார்கள். ஹஜ் பெருநாள், சிறப்பு வங்கி விடுமுறை, வார இறுதி, போயா (பௌர்ணமி விடுமுறை) என்று ஐந்து நாட்கள் வங்கிகள் பூட்டியிருந்தன. வைப்புப் பணம் பாதுகாப்பாக இருக்குமா என்பதுதான் எல்லாத் தலைப்பும். ‘வைப்புகளுக்குப் பாதிப்பில்லை’ என்று வந்ததும் நாடு மூச்சுவிட்டது, பத்திரிகைகளும் நகர்ந்தன.

பாதிப்பு ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது சம்பளக்காரரின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஈபிஎஃப்புக்கு. அந்த நிதி கையில் வைத்திருந்த பிணைமுறிகளைக் குறைந்த வட்டிப் பிணைமுறிகளுக்கு மாற்ற வேண்டும், சில ஆண்டுகளுக்கு 12 வீதம், பிறகு 9. மாற்றாவிட்டால் அதன் வருமானத்துக்கு 14க்குப் பதிலாக 30 வீத வரி. முந்தைய ஆண்டு திறைசேரி உண்டியல் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) வட்டி 30 வீதத்தைச் சுற்றி இருந்தது என்பதை வைத்துப் பாருங்கள். வங்கிகள் வைத்திருந்த பிணைமுறிகளைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவை விழுந்தால் எல்லாம் விழும் என்பது அரசின் பதில். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் நாட்டின் அத்தனை தனியார்துறைச் சம்பளக்காரரின் ஓய்வுப் பணமும் சம்பந்தப்பட்ட முடிவு, பெரும்பாலான பத்திரிகைகளில் ‘கடன் உகப்பாக்கல்’ என்ற தலைப்பில் அட்டவணையோடு வந்தது. அதை வாசித்து யாருக்குத் தன் பணம் என்று விளங்கியிருக்கும்?

தேயிலைத்தூறு (ஹட்டன்):

எங்களுக்கும் ஈபிஎஃப் உண்டு என்பதை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் முப்பது, நாற்பது வருடம் கொழுந்து எடுத்த பெண்கள் வேலையை விட்டு நிற்கும்போது கைக்கு வருவது அதுவும் சேவைக்காலப் பணமும்தான். அதை நம்பி மகளின் கல்யாணம், வீட்டுக்கூரை எல்லாம் திட்டம் போடுகிறார்கள். 2022இல் எங்கள் படமும் வரவில்லை, 2023இல் எங்கள் பணத்தைப் பற்றிய செய்தியும் எங்களுக்கு விளங்கும்படி வரவில்லை. என் அம்மா மாதிரி வாசிக்கத் தெரியாதவர்களுக்கு யூனியன்காரர் சொன்னால்தான் உண்டு.

வைகைக்கரை (மதுரை):

தேயிலைத்தூறு, உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் இந்த இழை எங்கே போகவேண்டும் என்று தெளிவாகிறது. 2023 நவம்பர் 14 அன்று இலங்கையின் உச்ச நீதிமன்றம், அங்கே உயர் நீதிமன்றம் என்பார்கள், கோத்தபய, அவர் சகோதரர்கள் மகிந்த, பசில் ராஜபக்ச மூவரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் திறைசேரி உயரதிகாரிகளும் மக்களின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்து இந்த நெருக்கடிக்குக் காரணமானார்கள் என்று தீர்ப்பளித்தது. யார் செய்தது என்ற கேள்விக்குச் சட்டப்படி பதில் வந்த நாள் அது. தமிழ்நாட்டில் அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? வறுமையில் இருப்போர் பங்கு 2019ல் 11 சதவீதத்தை ஒட்டி இருந்து, பிறகு 25 சதவீதத்துக்குப் போனதாக உலக வங்கி சொல்கிறது. டாலர் கையிருப்பு ஏறியது, பணவீக்கம் இறங்கியது, ‘மீண்டது இலங்கை’ என்று எழுதும்போது இந்த 25ஐயும் அதே பத்தியில் எழுத வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

யாரிடமாவது 2023 ஜூலை முதல் வாரத் தமிழ், சிங்கள நாளிதழ்கள் இருந்தால் முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். சேமலாப நிதிச் செய்தி எந்தப் பக்கத்தில், யார் சொன்னதை வைத்து வந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். சிங்களத் தலைப்புகளைக் கொள்ளுப்பிட்டி வாசித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொள்ளுப்பிட்டி (கொழும்பு):

சொல்கிறேன் அண்ணா. சிங்களப் பத்திரிகைகள் மூன்று என்னிடம் இருக்கின்றன, இந்த வார இறுதிக்குள் போடுகிறேன். தமிழ்ப் பத்திரிகைகளை யாழ்ப்பாணத்தில் பனங்கூடல் அண்ணை தேடிப் பார்த்தால் நல்லது.